பூவரசு: பூக்களின் அரசனா, பூக்கும் அரசமரமா?

பூவரச மரத்துக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று தேடிப் பார்த்திருக்கிறீர்களா? 'போர்ஷியா மரம்' என்று வரும். போர்ஷியா என்றதும் ஆங்கிலப் பாடம் படித்தவர்களுக்கு ஒரே ஒருத்திதான் நினைவுக்கு வருவாள். ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் நகர வணிகன்' நாடகத்தில் வக்கீல் வேடம் போட்டு வந்து, சதையை வெட்டிக்கொள்ளலாம் ஆனால் ரத்தம் சிந்தக்கூடாது என்று வாதாடி ஷைலக்கை மடக்குகிறாளே, அவள்தான்! அவள் பெயரை எதற்காக மண்டபத்து மணலில் நிற்கும் ஒரு மரத்துக்கு வைத்தார்கள்? மஞ்சள் பூவைப் பார்த்து யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரைக்குக் காதல் வந்துவிட்டதோ என்றுகூட எண்ணத் தோன்றும்.

அப்படி ஒன்றும் இல்லை. அந்த நாடகத்துக்கும் இந்த மரத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. 'பூவரசு' என்ற தமிழ்ச் சொல்தான் வெள்ளைக்காரர் வாயில் நசுங்கி 'போர்ஷியா' ஆனது. இராமநாதபுரம் 'ராம்நாட்' ஆனதும், தூத்துக்குடி 'டூட்டிகோரின்' ஆனதும் இதே கதைதான். கட்டுமரமும் சுருட்டும் கொஞ்சம் உருமாறி ஆங்கில அகராதிக்குள் போனதைப் போலப் பூவரசும் போயிருக்கிறது. ஒரே வித்தியாசம், கட்டுமரத்தைப் பார்த்தால் அது நம்முடையது என்று தெரியும். போர்ஷியாவைப் பார்த்தால் தெரியாது. ஏற்கனவே ஆங்கிலத்தில் இருந்த ஒரு பெயரின் சட்டையைப் போட்டுக்கொண்டு விட்டதால் அதன் ஊர் மறைந்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், பக்கத்திலேயே இருக்கும் முயல் தீவுக்கு இப்படி ஆகவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் ஒன்றான அதை 'ஹேர் ஐலண்ட்' என்று பொருள் தெரிந்து மொழிபெயர்த்து வரைபடத்தில் போட்டார்கள். பூவரசுக்கு மட்டும் ஓசையை எடுத்துக்கொண்டு பொருளை விட்டுவிட்டார்கள்.

சரி, அந்தப் பொருள் என்ன? சண்டையே அங்கேதான்.

யாரைக் கேட்டாலும் "பூக்களின் அரசன், அதனால்தான் பூவரசு" என்று பட்டென்று பதில் வரும். கட்டுரைகளிலும் மூலிகைப் புத்தகங்களிலும் இதையே திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் கலந்த இந்தியச் சொற்களுக்காகவே தொகுக்கப்பட்ட 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற புகழ்பெற்ற அகராதியும் 1886-இல் இதே பொருளைத்தான் தந்தது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான ஆர்தர் பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், தென்னிந்திய மொழிகளைக் கற்றவர். அவருடைய அகராதியே பூவரசை ராஜாவாக்கிவிட்டது என்றால் மற்றவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் 1903-இல் அந்த அகராதியின் மறுபதிப்பைக் கொண்டுவந்த வில்லியம் குரூக், அடைப்புக்குறிக்குள் ஒரு சிறு திருத்தம் சேர்த்தார். 'பூ' என்றால் மலர், 'அரசு' என்றால் அரசமரம் என்று பிரித்துக் காட்டினார். நூற்றுச் சொச்சம் வருடங்களாகியும் அந்த அடைப்புக்குறியை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ராஜா கதை நன்றாக இருக்கிறதே, அதை விட மனசு வருமா!

ஆனால் அடைப்புக்குறிக்குள் இருந்ததுதான் சரி.

இலக்கணம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 'அரசு' என்ற சொல் தமிழில் அரசனையும் குறிக்கும். திருநாவுக்கரசர் என்ற பெயரிலேயே அது இருக்கிறது. பூ + அரசு என்று சேர்த்து, நடுவே வகர உடம்படுமெய் வந்து, பூவரசு. 'பூவுக்கு அரசு' என்று விரித்தாலும் தப்பில்லை, 'பூவை உடைய அரசு' என்று விரித்தாலும் தப்பில்லை. எது பொருந்தும் என்பதை மரத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பூவைப் பாருங்கள். காலையில் இளமஞ்சளாக விரியும். உள்ளே அடியில் கருஞ்சிவப்பாக ஒரு பொட்டு. சாயங்காலத்துக்குள் நிறம் மாறி வாடி, செந்நீலமாகிக் காய்ந்து விழும். அழகான பூதான், மறுக்கவில்லை. ஆனால் அரசனா? வாசனை இல்லை. தலையில் வைப்பவர் இல்லை. மாலை கட்டுவார் இல்லை, சந்தையில் முழம் போட்டு விற்பாரும் இல்லை. மல்லிகையும் தாமரையும் தாழம்பூவும் இருக்கிற ஒரு மொழியில், ஒரு நாள் கூடத் தாங்காத வாசமில்லாத பூவுக்கு யார் போய் முடிசூட்டுவார்கள்?

இலையைப் பாருங்கள். இதய வடிவம், நீண்ட காம்பு, காற்றில் சலசலப்பு. அரச இலையை அப்படியே கொஞ்சம் தடிப்பாக்கி, அதன் நீண்ட வால் நுனியைக் கத்தரித்துவிட்டால் பூவரச இலை. தூரத்தில் நின்று பார்த்தால் பூ இல்லாத பருவத்தில் பலர் ஏமாந்துபோவார்கள்.

தமிழர்கள் மட்டும் இப்படிப் பார்த்திருந்தால் தற்செயல் எனலாம். தெலுங்கில் இந்த மரத்துக்கு 'கங்கராவி' என்று பெயர். 'ராவி' என்றால் அரசமரம். இந்தியில் 'பாரஸ் பீப்பல்'. பீப்பல் என்றாலும் அரசமரம். வங்காளியிலும் அதே 'பிப்புல்'தான். அவ்வளவு ஏன், ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் 1753-இல் இதற்கு வைத்த பெயர் 'ஹைபிஸ்கஸ் பாப்புல்னியஸ்', அதாவது பாப்ளர் மரம் போன்ற செம்பருத்தி. அரசமரம் இல்லாத நாட்டுக்காரருக்கு, காற்றில் இலை நடுங்கும் மரம் என்றால் பாப்ளர். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளாமல் இத்தனை பேரும் இலையைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். இதில் தமிழன் மட்டும் பூவைப் பார்த்து ராஜா என்று சொன்னான் என்றால் நம்ப முடிகிறதா?

பிறகு 'பூ' எதற்கு வந்தது? இதுதான் இந்தப் பெயரிலேயே ரசிக்க வேண்டிய இடம். அரசமரம் பூத்து யாராவது பார்த்ததுண்டா? அத்தி, ஆல், அரசு எல்லாம் பூக்காமலே காய்ப்பவை என்பது ஊரறிந்த நம்பிக்கை. அபூர்வமாக ஒன்று நடந்தால் "அத்தி பூத்தாற்போல" என்கிறோமே, அந்த அத்தியின் பங்காளிதான் அரசும். (உண்மையில் அவையும் பூக்கின்றன. காய் என்று கண்ணுக்குத் தெரிவதன் உள்ளேதான் நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்கள் மூடிக் கிடக்கின்றன. ஒரு சின்னஞ்சிறு குளவி உள்ளே நுழைந்து மகரந்தச் சேர்க்கை செய்கிறது. வெளியே நிற்பவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.) பூவே காட்டாத அரசு ஒன்று. அதே இலையோடு, கை நிறையப் பூக்கிற அரசு இன்னொன்று. இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒரே எழுத்து போதும்: பூ. பூவரசு!

அரசமரத்துக்கே அந்தப் பெயர் ராஜாவிலிருந்து வந்ததுதானே என்று யாராவது மடக்கலாம். வந்திருந்தால் இருக்கட்டும். அந்தப் பட்டம் அரசமரத்துடையது. பூவரசு அதைச் சொந்தக்காரன் என்ற முறையில் கடன் வாங்கியிருக்கிறது.

தெரிந்த மரத்தின் பெயரை எடுத்து, முன்னால் ஒரு அடையாளம் ஒட்டி, தெரியாத மரத்துக்கு வைப்பது தமிழின் பழைய வழக்கம். நிலவேம்பு வேம்பே இல்லை, தரையோடு வளரும் சின்னச் செடி. கசப்பு ஒன்றுதான் உறவு. கொடுக்காப்புளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. புளியைப் போலச் சுருண்டு தொங்கும் காயைப் பார்த்து அதையும் புளியாக்கிவிட்டார்கள். இதற்கு மிக நல்ல உதாரணம் இராமநாதபுரம் பக்கத்திலேயே நிற்கிறது. ஆப்பிரிக்காவின் பேயோபாப் மரம். யானைக்கால் போல அடிமரம் பருத்து நிற்கும் அதற்கு இங்கே பொந்தன்புளி, பப்பரப்புளி என்றெல்லாம் பெயர். பப்பரம் என்பது பழைய நூல்களில் வரும் ஒரு அந்நிய தேசத்தின் பெயர். கடல் தாண்டி மன்னாரில் அதே மரம் பெருக்க மரம். காயின் உள்ளிருக்கும் மாவு புளிக்கும் என்பதால் புளி, அடிமரத்தில் பெரிய பொந்து இருப்பதால் பொந்தன். பெயரைப் பிரித்தால் மரத்தின் குணமும் வந்த வழியும் கிடைத்துவிடுகிறது. பொந்தன்புளி எப்படிப் புளியின் அரசனோ பொந்தின் அரசனோ இல்லையோ, அப்படித்தான் பூவரசும். (இன்றைய தாவரவியல் வகைப்பாட்டில் இந்தப் பேயோபாபும் பூவரசும் ஒரே குடும்பம் என்பது இன்னொரு கூத்து.)

'புவி அரசு' என்பதே பூவரசு ஆயிற்று, இது பூமிக்கே அரசன் என்று ஒரு கட்சியும் உண்டு. கேட்க கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் வேலியோரத்தில் ஆட்டுக்குத் தழை ஒடிக்கிற மரத்தைப் பார்த்து அப்படி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பூவை மட்டும் பார்த்துப் பெயர் வைத்தவர்கள் இல்லாமலும் இல்லை. கொச்சியில் டச்சுக்காரர்களின் ஆளுநராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீடே, மலபார் தாவரங்களைப் பற்றி 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்டஸ் மலபாரிகஸ்' நூலில் இந்த மரத்தைப் 'பூபரிதி' என்று பதிந்திருக்கிறார். அது மலையாளத்துப் பூப்பருத்தி. பருத்திப் பூவையும் பூவரசம் பூவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏன் என்று புரியும். வெண்டைப் பூவும் செம்பருத்தியும்கூட இதே சாயல். பருத்தியும் பூவரசும் மிக நெருங்கிய உறவு என்பதைத் தாவரவியலும் ஒப்புக்கொள்கிறது. பருத்தியைக் கெடுக்கும் சிவப்புப் பூச்சிகள் பூவரசையும் தேடி வருவதே அதற்குச் சாட்சி. ஆக மலையாளத்தார் பூவின் உறவைப் பிடித்தார்கள், தமிழர் இலையின் சாயலைப் பிடித்தார்கள். இரண்டு பேரும் மரத்தைக் கிட்டே போய்ப் பார்த்தவர்கள்.

இதற்கு இப்போதுள்ள விஞ்ஞானப் பெயர் 'தெஸ்பீசியா பாப்புல்னியா'. பின்பாதி லின்னேயஸின் பாப்ளர். முன்பாதி எங்கிருந்து வந்தது? கேப்டன் குக்கின் கப்பலில் 1769-இல் தஹிதித் தீவுக்குப் போனார் லின்னேயஸின் மாணவர் சோலாண்டர். அங்கே 'மிரோ' என்று அழைக்கப்பட்ட இந்த மரத்தை மக்கள் தங்கள் வழிபாட்டு மேடைகளைச் சுற்றி நட்டுப் புனிதமாகப் போற்றினார்கள். தெய்வீகம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து தெஸ்பீசியா என்ற பெயர் பிறந்தது. போர்த்துக்கீசியரான கொரியா ட செர்ரா அதை 1807-இல் அச்சேற்றினார்.

இங்கே ஒரு சிரிப்பு வராமல் போகாது. பசிபிக் கடலில் சாமி மரம். நம்மூரில்? அரசமரத்துக்குத்தான் மேடை, அடியில் பிள்ளையார், சுற்றிவரப் பெண்கள், மஞ்சள் கயிறு. அதே இலை கொண்ட பூவரசுக்குக் கிடைப்பது ஆடும் அரிவாளும்! ஆனால் பூவரசுக்கு இதில் வருத்தம் இருக்க நியாயமில்லை. அரசமரத்தைக் கும்பிடத்தான் முடியும். பூவரசோடுதான் வாழ முடியும். இலையைச் சுருட்டி நுனியைக் கடித்து ஊதினால் பீப்பி. காயைக் காம்போடு பறித்துச் சுண்டினால் பம்பரம். காயைக் கீறினால் வரும் மஞ்சள் பாலைச் சொறி சிரங்குக்குத் தடவுவார்கள். தென்மாவட்டங்களில் இந்த இலையில் மாவை வைத்து மடித்துக் கொழுக்கட்டை அவிப்பார்கள், இலையின் மணம் மாவில் ஏறியிருக்கும். தழை ஆட்டுக்கும் வயலுக்கும் போகும். வைரம் பாய்ந்த மரம் வண்டிச் சக்கரத்துக்கும் படகு வேலைக்கும் கட்டில் பெஞ்சுக்கும் போகும். யாழ்ப்பாணத்தில் பாதி வேலிக் கதியால் பூவரசுதான்.

கவனித்தீர்களா? இந்தப் பட்டியலில் பூ எங்கேயும் வரவில்லை. எல்லாம் இலையும் காயும் கட்டையும்தான்.

பூவுக்கு ஒரே ஒரு முறை பெரிய வேலை வந்தது. அதுவும் பாக் ஜலசந்திக்கு அந்தப் பக்கம். சிங்களத்தில் பூவரசுக்குச் 'சூரிய' என்று பெயர். முதல் உலகப்போரின் நினைவாக ஆண்டுதோறும் நவம்பர் 11 அன்று இலங்கையில் பாப்பிப் பூ விற்பார்கள். அந்தப் பணத்தில் பெரும்பகுதி பிரிட்டனுக்குப் போய்க்கொண்டிருந்தது. உள்ளூர் முன்னாள் சிப்பாய்களுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை என்ற கோபத்தில் 1931-இல் ஏலியன் பெரேரா என்பவர் அதே நாளில் சூரிய மலரை விற்கும் இயக்கத்தைத் தொடங்கினார். 1933-இல் இளைஞர் அமைப்புகள் அதைக் கையில் எடுத்தபோது அது ஏகாதிபத்திய எதிர்ப்பாகவே மாறியது. அதற்குத் தலைவராக இருந்த டோரீன் இங்கிலாந்தில் பிறந்த பெண் என்பதுதான் ஆச்சரியம். 1934-இல் மலேரியா கொள்ளைநோய் பரவியபோது இந்த இயக்கத்தார் கிராமங்களில் நிவாரண வேலை செய்தார்கள். அவர்களில் பலர் சேர்ந்து 1935-இல் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள். யாரும் சூடாத அந்த மஞ்சள் பூ, சட்டையில் குத்தப்பட்டு ஒரு சாம்ராஜ்யத்தைச் சீண்டியிருக்கிறது. தேர்ந்தெடுத்த காரணமும் எளிதுதான். எந்த வேலியிலும் கிடைக்கிற பூ அது.

ஒரு பெயருக்கு எதற்கு இவ்வளவு வாதம் என்று கேட்கலாம். மரம் எதற்கு என்பதைப் பெயர்தான் சொல்கிறது. 'பூக்களின் அரசன்' என்று நினைத்துக்கொண்டு நட்டவர் வீட்டு வாசலில் ரோஜாவுக்குப் போட்டியாக ஒன்றை எதிர்பார்ப்பார். மூன்று வருடத்தில் வாசமில்லாத பூவும் குப்பை குப்பையாக இலையும்தான் வருகிறது என்று வெட்டிவிடுவார். 'போர்ஷியா' என்று எழுதிய பலகையைப் படித்தவர் அது ஏதோ சீமை அலங்கார மரம் என்று நினைத்துக் கடந்து போவார். 'பூக்கும் அரசு' என்று தெரிந்தவருக்குத்தான் இது நிழலுக்கு நிற்கும் மரம், இலைக்காக வளர்க்கும் மரம் என்று புரியும்.

அதுவும் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்துக்கு இந்தப் புரிதல் கட்டாயம் வேண்டும். அங்கே உப்புக் காற்றும் பவளப்பாறைத் துகளும் மணலும்தான். கிணற்றில் பாதி உவர். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் அள்ளிக்கொண்டு போன கரை அது. அப்படிப்பட்ட கரைக்கென்றே பிறந்தது பூவரசு. காய் கடலில் மிதக்கும், விதை உப்புத் தண்ணீரில் கிடந்தும் சாகாது, எந்த மணலில் ஒதுங்கினாலும் முளைக்கும். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஹவாய் வரை இது பரவியிருப்பது இப்படித்தான். மன்னார் வளைகுடாத் தீவுகளிலும் யாரும் நடாமலே நிற்கிறது. ஆனால் கடலோரத்தில் காற்றைத் தடுக்க வேண்டும் என்று பேச்சு வந்தாலே கைகள் சவுக்கைத்தான் தேடிப் போகின்றன. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரை நெடுக நட்டதில் பெரும்பங்கு அதுதான். சவுக்கு ஆஸ்திரேலியா, தென்கிழக்கு ஆசியா பக்கத்து மரம். வேகமாக வளரும், விறகுக்கும் சாரத்துக்கும் விலை போகும், காற்றையும் தடுக்கும். குற்றமில்லை. ஆனால் அடியில் ஊசிச் சருகு மெத்தை போட்டுவிடும், ஆடு மேய ஒன்றும் மிஞ்சாது, மதியத்தில் வலை பின்னுகிறவர் உட்கார அடர்ந்த நிழலும் கிடைக்காது. உள்நாட்டு ஊர்களுக்கு அரசமரம் எதுவோ, அது உப்பங்கரைக்குப் பூவரசு. பெயரை வைத்தவர்கள் இதை அப்போதே சொல்லிவிட்டார்கள்.

ஆங்கிலத்திலும் இந்தப் பெயரை மீட்பது ஒன்றும் மலையைப் புரட்டும் காரியமில்லை. ஹவாயில் இதே மரத்துக்கு 'மிலோ' என்று பெயர். அங்கே ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களும் மிலோ என்றே எழுதுகிறார்கள், யாரும் அதை இன்னொரு ஷேக்ஸ்பியர் பாத்திரமாக மாற்றவில்லை. ராம்நாட் திரும்ப இராமநாதபுரம் ஆகிவிட்டது, டூட்டிகோரின் தூத்துக்குடி ஆகிவிட்டது. போர்ஷியாவும் வெனிஸுக்கே திரும்பிப் போகலாம். பள்ளிப் பிள்ளைகள் தாவரவியல் பதிவேட்டில் பூவரசு என்று எழுதி, பக்கத்தில் ஒரு அரச இலையையும் ஒட்டிக் காட்டினால் போதும். எந்த ஆசிரியரும் அதற்கு மேல் விளக்கம் கேட்க மாட்டார்.

நடுவதற்கு நாற்றுப் பண்ணைக்குக்கூட அலைய வேண்டாம். கை கனத்துக்கு ஒரு போத்தை வெட்டி ஐப்பசி மழையில் மணலில் ஊன்றிவிட்டு, முதல் துளிர் வரும் வரைக்கும் பக்கத்து வீட்டு ஆட்டிடமிருந்து மட்டும் காப்பாற்றினால் சரி.